பாரி மகளிர் பாட்டில் இழப்பின் மொழி

புறநானூற்றின் 112ஆம் பாட்டு ஐந்தடிகளால் இயன்ற சிறு செய்யுள். பொதுவியல் திணையுள் கையறுநிலைத் துறையாக வகுக்கப்பெற்ற இதனைப் பாடியோர் பாரி மகளிர் என்பது பழங்குறிப்பு. அங்கவை, சங்கவை என வழங்கும் பெயர்கள் பிற்கால மரபினவே. புறநானூற்றுள் அவை இல்லை. இப்பாட்டினை அரசியல் வீழ்ச்சிக்கும் நிலையாமைக்கும் எடுத்துக்காட்டாகக் கூறி அமைவது நம் வகுப்பறை வழக்கமாகிவிட்டது. தந்தையை இழந்த இளமகளிரின் கூற்று என்ற முறையில் அதன் மொழியை நோக்கின், வேறு சில புலனாகும்.

நிலவு ஒன்றே, அதன் கீழ் உள்ள நிலை இரண்டு. இம்முரணைப் பாராட்டாத உரையாளர் இலர். ஆயினும் முரணினும் ஆழமானது வரிசை. முந்தைய நிலவைக் கூறுமிடத்துத் தந்தை முதலிலும் குன்று பின்னரும் வருகின்றனர். இன்றைய நிலவைக் கூறுமிடத்துக் குன்று முன்னாகித் தந்தை இறுதிக்குச் செல்கின்றான். மலை பறிபோனதை உலகறியக் கூறிவிட முடிகின்றது. மற்றையதைச் சொல்ல நா எழவில்லை. தள்ளித் தள்ளிச் சென்று, வேறு சொல்லே எஞ்சாத இடத்திற்றான் அது வெளிப்படுகின்றது. அங்கும் அவன் இறந்தான் என்றோ கொல்லப்பட்டான் என்றோ கூற்றில்லை. தமக்கு அவன் இல்லை என்பதே கூற்று. இறந்தோனைவிட எஞ்சினோர் நிலையே இதன் பொருள் என்க. இனி, திங்கள் என்னும் சொல்லை மாதமெனக் கொண்டு இடைப்பட்ட காலம் சரியாக ஒரு மாதமே என வரையறுப்பார் உளர். பாட்டில் அவ்வரையறைக்கு இடமில்லை.

இப்பாட்டினையும் கபிலரே பாடி மகளிர் வாயில் வைத்தாரோ என ஐயுறுவார்க்கு நாம் காட்டத்தக்க சான்று ஒன்றுண்டு. 113 முதல் 120 வரையுள்ள கபிலர் பாட்டுக்களில் பறம்பின் வளமும் பாரியின் கொடையும் மீண்டும் மீண்டும் எழுகின்றன; புகழ்ந்து ஆறுதல் பெறுவது புலவர் உள்ளம். மகளிர் பாட்டிலோ தந்தைக்கு ஓர் அடைமொழியும் இல்லை. வள்ளல், வீரன் என்பன உலகினர்க்கு அவன். இவர்க்கு அவன் தந்தை, அவ்வளவே. அடைமொழி பெற்றவர் பகைவேந்தர். அவர்தம் வெற்றிமுரசைக் குறித்தது இகழ்ச்சிக் குறிப்பு எனக் கொள்ளும் உரைமரபு உண்டு. வஞ்சனையால் வென்றார்க்கு அது பொருந்துவதே. எனினும், காதில் இன்னும் ஒலிக்கும் முரசை உள்ளவாறே கூறியதாகக் கொள்ளின் அவலம் மிகும் என்பது நம் கருத்து.

மற்றொன்று, யாம் என்னும் தன்மைப்பன்மை. பண்டை வழக்கில் அது பெரும்பாலும் கேட்போரை விலக்கி நிற்பது. உடன்வந்து காக்கும் கபிலரும் நண்பனை இழந்தவரே. ஆயினும் இவ்வுடைமையிலும் இன்மையிலும் அவர்க்குப் பங்கில்லை.

இவர்தம் அகவையை எப்பாட்டும் கூறவில்லை. 200 முதல் 202 வரையுள்ள பாட்டுக்களில் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் வேண்டி நிற்றலின், மணப்பருவம் எய்தியோர் என்பது பெறப்படும். ஆயின் 116ஆம் பாட்டில், சுரைக்கொடி படர்ந்த சிறுமனையின் புறத்தே குப்பைமேட்டில் ஏறி, உமணர் செலுத்தும் உப்புவண்டிகளை எண்ணி நிற்கின்றனர். தந்தையின் குன்றில் இருந்த நாளில் போருக்கு வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர் இவரே. எண்ணும் பழக்கம் போகவில்லை. எண்ணப்படும் பொருளும் நிற்கும் இடமும் போயின. இதனை விளையாட்டு என்பதா, துயரை மறக்கும் வழி என்பதா? இளம்பருவத்தில் இவ்விரண்டும் பிரிந்து நிற்பனவல்ல. கண்டு வருந்தித் தம் வாழ்நாள் தேய்க என்கின்றவர் கபிலர். மகளிர் எண்ணிக்கொண்டே இருக்கின்றனர்.