பின்பக்கம் சொல்லும் கைத்திறன்

பழைய ஃப்ரிட்ஜுக்காகப் புதிதாக வார்த்த பிளாஸ்டிக் பாகம் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தைத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் யார் செய்ததும் பளபளக்கும். பின்பக்கத்தில் விலா எலும்பு போல ஓடும் தாங்குவரிகள், கொக்கிகளின் கனம், திருகு ஏறும் குழலின் அடிவளைவு ஆகியவைதான் செய்தவரின் அறிவைச் சொல்லும். இந்தக் கலையை ரசிக்கப் பழகியவர்கள் எல்லோரும் பின்பக்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

கோத்ரெஜ் நிறுவனம் 1958இல் இந்தியாவிலேயே ஃப்ரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. அந்தத் தலைமுறைப் பெட்டி ஹாலில் நின்றதும், அதன் தலையில் பின்னல் விரிப்பு கிடந்ததும், கைப்பிடிக்குத் துணி உறை மாட்டியிருந்ததும் சிதம்பரம், கடலூர்ப் பக்கம் பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு பெட்டியை மீட்க முனைந்தால் இரும்பு வேலை கடினமில்லை. துருவைச் சுரண்டி பெயின்ட் அடிக்க ஆள் உண்டு. கம்ப்ரஸரை மாற்றலாம், கேஸ் நிரப்பலாம். மெக்கானிக் கையை விரிப்பது பிளாஸ்டிக்கில்தான். ஃப்ரீஸர் கதவு, தெர்மோஸ்டாட் குமிழ், கைப்பிடி, பெயர்ப்பலகை எதுவும் கடையில் கிடைக்காது. அவற்றை வார்த்த இரும்பு அச்சுகள் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இந்தப் பாகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது யார் கண்ணிலும் படாத ஒன்று. கதவைத் திறந்தால் உள்பெட்டியின் வாயைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டை ஓடும். பிரேக்கர் ஸ்ட்ரிப் என்பார்கள். குளிர்ந்த உள்பெட்டியும் அறையின் சூடு படும் வெளிப்பெட்டியும் எஃகு. இரண்டும் தொட்டுக்கொண்டால் வெப்பம் நேராக உள்ளே பாயும். நடுவில் நின்று இரண்டையும் பிரித்து வைப்பது இந்தப் பாலிஸ்டைரீன் பட்டை. எஃகு கடத்தும் வெப்பத்தில் 300இல் ஒரு பங்குகூடப் பாலிஸ்டைரீன் கடத்தாது. நம் கடலோரத்தில் இதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பட்டை விரிசல் விட்டால் ஈரக்காற்று பழைய பெட்டிகளின் கண்ணாடி நார்ப் பஞ்சுக்குள் நுழைந்து அங்கேயே நீராகும். நனைந்த பஞ்சு குளிரைக் காக்காது. உள்ளிருந்தே தகடு துருப்பிடிக்கும். விரல் அகலப் பட்டை ஒன்று உடைந்ததால் முழுப் பெட்டியும் செத்துப்போகும்.

பட்டை ஏன் உடைகிறது என்று தெரியாதவர் செய்யும் நகலும் அதே இடத்தில் உடையும். பாலிஸ்டைரீனுக்கு எண்ணெய் ஆகாது. இழுபட்டு நிற்கும் மூலையில் வெண்ணெயோ நல்லெண்ணெயோ ஊறினால் முடி அளவு கோடுகள் விழுந்து, ஒரு நாள் அது தானாகவே பிளக்கும். கதவைக் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் ஒரு எதிரி. அது பிவிசி. பிவிசிக்கான மூலப்பிசினைத் தயாரிக்கும் ஆலை ஒன்று கடலூர் சிப்காட்டிலேயே 2009 முதல் இயங்குகிறது. பிசின் விறைப்பானது, அதை வளைய வைப்பது கூடச் சேர்க்கும் எண்ணெய் போன்ற சேர்மம். வருடக்கணக்கில் அது வெளியே கசியும்போது கேஸ்கெட் விறைக்கும். கசிந்தது பக்கத்திலுள்ள பாலிஸ்டைரீனை இளக்கும். கேஸ்கெட்டை வெந்நீரில் நனைத்து நிமிர்த்தும் மெக்கானிக்குகள் அதன் வளைவைத்தான் மீட்கிறார்கள். கசிந்துபோன சேர்மம் திரும்பி வராது.

நல்ல கைவினைஞர் உடைந்த துண்டைக் கையில் எடுத்ததும் விரிசல் எங்கே தொடங்கியது என்று தேடுவார். அது பெரும்பாலும் பின்பக்கத்து உள்மூலையாக இருக்கும். அந்த மூலையைக் கூராக விடாமல் ஒரு மில்லிமீட்டர் வளைத்துவிட்டால் பாகத்தின் ஆயுள் கூடும். முன்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்தத் திருத்தம் தெரியவே தெரியாது. மூலத்துக்கு உண்மையாக இருந்துகொண்டே மூலத்தின் பிழையைச் சத்தமில்லாமல் திருத்துவது பெரிய ரசனை.

அடுத்தது அச்சு. துண்டுகளை ஒட்டி, இல்லாத பகுதியை எபாக்ஸி பூசி வளர்த்து, மாதிரியை முழுமையாக்கி, அதன்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றுவார்கள். மாதிரியைத் தாங்கிப் பிடிக்கும் களிமண்ணில் கந்தகம் இருந்தால் பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். படிமம் வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகு உருவின்மேல் காவிரி வண்டலைப் பூசி அச்செடுக்கிறார்கள். அந்த அச்சை உடைத்தால்தான் படிமம் வெளியே வரும். சிலிக்கோன் அச்சு வளைந்து கொடுப்பதால் அதிலிருந்து பத்திருபது வார்ப்புகளாவது எடுக்கலாம். ஆனால் இரண்டு பட்டறைகளிலும் தீர்க்க வேண்டிய புதிர் ஒன்றே: திரவம் எந்த வழியாக உள்ளே வரும், காற்று எந்த வழியாக வெளியே போகும்? அச்சில் காற்றுக்கு வழி வைத்த இடத்தைப் பார்த்தாலே செய்தவரின் அனுபவம் புரியும். அந்த வழிகள் விடும் தழும்புகள் எல்லாமே பின்பக்கத்தில் விழும்படி அச்சைப் படுக்க வைத்திருப்பார்.

வார்ப்பதற்குப் பெரும்பாலும் பாலியூரித்தேன் ரெசின். இரண்டு திரவங்களைக் கலந்த சில நிமிடங்களில் ஊற்றி முடித்துவிட வேண்டும். இதில் ஒரு திரவம் தண்ணீரோடு வினை புரிந்தால் கரியமில வாயு கிளம்பும். வார்ப்பு பஞ்சுபோல் பொங்கிவிடும். காற்றின் ஈரமே இதற்குப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சிதம்பரத்தில் இந்த வேலையை எடுப்பவர் ரெசின் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. வெற்றிடக் கலத்தில் குமிழியை உறிஞ்சி எடுத்த பின்பே ஊற்ற வேண்டும். பங்குனி, சித்திரையின் வறண்ட நண்பகல்தான் அவருக்கு நல்ல நேரம்.

ரெசின் இறுகும்போது சுருங்கும். அரை சதவீதம் என்றால் சொற்பமாகத் தோன்றும். 50 சென்டிமீட்டர்ப் பட்டையில் அது இரண்டரை மில்லிமீட்டர். அந்த அளவு குறைந்த பட்டை கொக்கியில் மாட்டாது. நகலை வைத்து இன்னொரு நகல் எடுத்தால் குறைவு இரட்டிப்பாகும். அதனால் தேர்ந்தவர்கள் மாதிரியையே அந்த அளவுக்குப் பெரிதாக்குகிறார்கள். இப்போது பாகத்தை ஸ்கேன் செய்து, கணினியில் அளவைக் கூட்டி, 3டி பிரின்டரில் மாதிரி எடுக்கலாம். எடுத்ததை அப்படியே பெட்டியில் மாட்டினால் அடுக்கடுக்கான வரிகள் கண்ணை உறுத்தும். பிஎல்ஏ போன்ற மலிவான இழை 60 டிகிரிக்கு அருகிலேயே இளகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதை மாதிரியாக மட்டும் வைத்துக்கொண்டு அச்செடுப்பவரிடம் கருவியும் கையும் சரியான இடத்தில் சந்திக்கின்றன.

நிறத்திலும் பின்பக்கமே வழிகாட்டி. பழைய வெள்ளை எல்லாம் இன்று மஞ்சள் தட்டியிருக்கும். வெளிச்சமும் சூடும் காற்றும் சேர்ந்து செய்த வேலை அது. பெட்டி வாங்கிய நாளில் எந்த வெள்ளையாக இருந்தது? திருகின் தலை மறைத்த வட்டத்திலும் பாகத்தின் முதுகிலும் அந்த நிறம் வாடாமல் இருக்கும். துணி உறை மாட்டிய கைப்பிடிகள் இந்த வகையில் பெரிய உதவி. அந்த நிறத்துக்கு ரெசினில் துளித் துளியாக நீலமும் காவியும் கலந்து, இறுகிய பின் பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டு ஏற்றுக்கொள்வார்கள்.

பெயர்ப்பலகைக்கு வந்தால் இந்தக் கலை உச்சத்தைத் தொடுகிறது. 1950களின் பலகைகள் பலவும் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக்கில் வார்த்து முதுகில் வண்ணம் தீட்டியவை. தஞ்சைக் கண்ணாடி ஓவியத்தில் மீசையையும் நகையையும் முதலில் வரைந்து, உடலை அடுத்துத் தீட்டி, பின்னணியைக் கடைசியில் பூசுவார்கள். இதிலும் அதே வரிசைதான்: முதலில் பொன் எழுத்து, பிறகு அதைச் சூழும் சிவப்பு, கடைசியில் எல்லாவற்றையும் மூடும் பூச்சு. வரிசை ஒன்று தவறினாலும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். சரியாக அமைந்தால் எழுத்து நீருக்கடியில் மிதப்பதுபோல் ஆழமாகத் தெரியும். முன்பக்கத்தில் தீட்டிய எந்தப் பலகையிலும் அந்த ஆழம் வராது.

இந்தக் கலைக்கு எல்லையும் உண்டு. உணவு நேராகப் படும் தட்டுகளை எல்லா ரெசினிலும் வார்க்கக் கூடாது. பட்டை, குமிழ், கைப்பிடி, பலகையோடு நின்றுகொள்பவரை நான் கூடுதலாக மதிப்பேன். பழைய தாழ்ப்பாள் கதவுகளிலும் அப்படியே. உள்ளே ஒளிந்து விளையாடிய குழந்தைகள் வெளியே வரமுடியாமல் மூச்சடைத்து இறந்ததால்தான், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவைக் கட்டாயமாக்கி அமெரிக்கா 1956இல் சட்டம் இயற்றியது. காந்தப் பட்டை வைத்த கேஸ்கெட் பரவியது அதன் பிறகுதான். குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குத் தாழ்ப்பாள் பெட்டியை மீட்டுத் தருபவர் கைப்பிடியின் உருவத்தை அச்சு அசலாக வார்த்தாலும் தாழ்ப்பாளைச் செயலிழக்கச் செய்தே தர வேண்டும்.

கடைசியாக நான் தேடுவது ஒரு தேதியை. நகல் எவ்வளவு நன்றாக அமைகிறதோ அவ்வளவுக்கு அது நாளை மூலம் என்று விற்கப்படும் ஆபத்தும் இருக்கிறது. நேர்மையான கைவினைஞர் வார்த்த ஆண்டை முதுகில் சிறிதாகப் பொறித்துவிடுவார். முப்பது ஆண்டு கழித்து அதை மறுபடி செய்ய வருபவருக்கு எது பழையது, எது திருத்தியது என்று அந்த எண் சொல்லும்.

அப்படி ஒருவர் வருவதற்கு நாமும் ஒன்று செய்யலாம். வீட்டுப் பழைய பெட்டியில் ஏதாவது உடைந்தால் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு பையில் கட்டி அந்தப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். தொழிற்சாலையின் வரைபடம் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. அளவு, நிறம், கொக்கியின் கனம், விரிசல் தொடங்கிய மூலை எல்லாமே அந்தத் துண்டுகளில் இருக்கின்றன.