கவனம் என்ற சொல்லும் ஒரு குடம் தண்ணீரும்

தியானம் பற்றிய பேச்சில் ஒரு சௌகரியம் உண்டு. அதை யாரும் சோதிக்க முடியாது. கண்ணை மூடியவன் உள்ளே என்ன செய்கிறான் என்று எவருக்குத் தெரியும்? ஆனால் எழுத்தில் கவனம் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும். எனவே, இந்த விஷயத்தில் விமர்சகனுக்கும் வேலை இருக்கிறது.

1909இல் அடையாறு கடற்கரையில் லெட்பீட்டரின் கண்ணில் பட்ட சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. உலக குருவாக வளர்க்கப்பட்ட அவர், தன்னை மையமாக வைத்து எழுந்த நட்சத்திர ஸ்தாபனத்தை 1929இல் ஹாலந்தின் ஓமன் முகாமில் தானே கலைத்தார். 1986 ஜனவரியில் நிகழ்த்திய கடைசிப் பேச்சுகள்வரை, கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் அவர் வற்புறுத்தியது முறையோ மந்திரமோ அல்ல; தீர்ப்புச் சொல்லாத கவனம். அது ஒதுக்கிவைத்த அரைமணியில் அல்ல, அன்றாட உறவுகளில் நிகழவேண்டும். கருணை அங்கே பயிற்சி அல்ல, விளைவு.

இதைக்கொண்டு நம் கவிஞர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மௌனம், வெறுமை, பார்த்தல். இக்கவிதைகளில் பார்த்தல் இருக்கிறது; பார்க்கப்பட்ட பொருள் இல்லை. முறையை மறுத்தவரின் சொற்களே ஒரு முறையாகிவிட்டன. இன்று மயிலாப்பூரிலும் தி.நகரிலும் தியானத்துக்குக் கட்டண வகுப்புகள் உண்டு. கைபேசி மணியடித்து மூச்சைக் கவனிக்கச் சொல்கிறது. நம் கவிதைகள் அதே காரியத்தைச் சற்று முன்னதாகவே இலவசமாகச் செய்துவிட்டன என்றே படுகிறது.

எதிர் உதாரணமாக நான் வைப்பது அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973). கிருஷ்ணமூர்த்தியோடு அதை நான் முடிச்சுப்போடவில்லை. அந்நாவலுக்கு அது தேவையும் இல்லை. தண்ணீர் வராத ஒரு சென்னைத் தெரு, குடங்கள், அலுத்துப்போன பெண்கள். உடைந்துபோன ஜமுனாவுக்கு டீச்சரம்மா உபதேசம் செய்வதில்லை. தன் வாழ்க்கையைச் சொல்கிறாள், அவ்வளவுதான். ஆசிரியரும் குறுக்கிட்டு இதுதான் கருணை என்று காட்டித்தருவதில்லை.

தீர்ப்பற்ற பார்வை அநீதியோடு சமரசம் ஆகாதா என்று இடதுசாரி நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மணிமேகலையின் கருணைகூட அமுதசுரபியில் சோறாகத்தான் வந்தது. வசந்த விஹாரின் மரநிழலில், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட கவனம் குழாயடிவரை நடந்து வருமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றபோது எனக்கு எந்தக் கோஷக் கவிதையும் ஞாபகம் வரவில்லை. மௌனக் கவிதையும் வரவில்லை. இந்நாவல்தான் வந்தது. கோபத்தைச் சொல்லாமலே, கோபப்படவேண்டிய இடத்தை அது துல்லியமாகக் காட்டியிருந்தது. சமரசம் செய்துகொண்ட பார்வைக்கு இந்தத் துல்லியம் வராது.

கவிதை எழுதும் நண்பர்கள் தம் கையெழுத்துப் பிரதியில் 'மௌனம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, வரியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். ஒரு குடமாவது மிஞ்சவேண்டும்.