பனியன் பெட்டியில் பிறழ்ந்த எழுத்து

ஒலியை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் வேண்டுமென்றே மாற்றி வணிகப் பெயர் அமைக்கும் முறையை எழுத்துப் பிறழ்வு எனலாம். இது விளையாட்டுப் போலத் தோன்றினாலும், இதன் அடியில் உடைமை பற்றிய கணக்கு உண்டு. இதம், மென்மை, தூய பருத்தி முதலிய பொதுச்சொற்களை எந்த உற்பத்தியாளரும் தமக்கென வேலியிட்டுக்கொள்ள முடியாது என்பதால், அச்சொற்களின் எழுத்தைத் திருகித் தனிப்பெயராக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பரவியது. அமெரிக்க மொழி ஆய்வாளர் லூயிஸ் பவுண்ட், 'சி' வரவேண்டிய இடத்தில் 'கே' இடும் விளம்பர மோகத்தைப் பற்றி 1925இல் 'அமெரிக்கன் ஸ்பீச்' இதழில் தனிக்கட்டுரையே எழுதினார்.

திருப்பூர் வட்டாரத்துப் பனியன், வேட்டிக் கடைகளின் அடுக்குகளில் இம்முறையின் தடங்களைக் காணலாம். கொல்கத்தாவின் லக்ஸ் நிறுவனம் இதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்தை 'ஐ' ஆக்கிக் 'கோசி' என்ற பெயரையும், ஒரு 'என்' போதுமான இடத்தில் இரண்டு இட்டு 'ஆன்' என்ற பெயரையும் வைத்திருக்கிறது. 'டிக்ஸி' என்ற பனியன் பெயரின் ஆங்கில வடிவில் 'எக்ஸ்' எழுத்தை அடுத்து ஒரு 'சி' நிற்கிறது. கொங்கு வட்டாரத்து 'உதயம்' வேட்டியோ, ஆங்கிலத்தில் 'யு' எழுத்தின் பின் ஒலிப்புக்குத் தேவையில்லாத ஓர் 'ஏ' சேர்த்து எழுதப்படுகிறது. பிறர் பெயர் தாங்கிய லேபிளைத் தைத்தே வளர்ந்த திருப்பூரில் சொந்தப் பெயர் ஒன்றை நிலைநிறுத்துவது எளிதன்று என்பதை எண்ணினால், ஓரெழுத்துக்குக்கூட எவ்வளவு மதிப்பு என்பது விளங்கும்.

எனினும் சட்டம் கண்ணைவிடக் காதையே பெரிதும் நம்புகிறது. துணிகளுக்கான 'ஆர்ல்வூலா' என்ற வணிகக்குறி, 'முழுக் கம்பளி' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் திரிந்த வடிவம். துணி முழுதும் கம்பளியானால் அப்பெயர் வெறும் வருணனை, இல்லையெனில் ஏமாற்று என்ற அடிப்படையில், 1909இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குப் பாதுகாப்பு மறுத்தது. இத்துறையில் இதைவிடத் தெளிவான தீர்ப்பைக் காண்பது அரிது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவும் சரக்கின் தன்மையை மட்டும் சொல்லும் பெயர்களை விலக்குகிறது; பயன்பாட்டால் தனித்தன்மை பெற்ற பெயருக்கு விலக்களிக்கிறது. 'ரஸ்டன்' என்ற எஞ்சின் பெயருக்கு எதிராக 'ரஸ்டம் இந்தியா' என்ற பெயர் வந்தபோது, 1969இல் உச்ச நீதிமன்றம் ஏமாற்றும் ஒப்புமையைக் கொண்டே அதை மீறல் என்றது. ஆகவே உலகப் பிராண்டு ஒன்றின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி டி-சர்ட்டில் அச்சிடுபவர் அதை நகைச்சுவை எனக் கூறித் தப்ப இயலாது. வணிகக்குறியைப் பொய்யாகப் பயன்படுத்துவதற்கு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

தமிழில் எழுதும்போது இந்த ஆங்கில எழுத்து விளையாட்டு முற்றிலும் மறைகிறது. தமிழ்நாட்டுக் கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழே முதன்மை பெறவேண்டும் என்பது விதி. அங்கே 'கோசி' என எழுதியதும் திருகிய ஈற்றெழுத்துக்கு இடமில்லாமற் போகிறது. தமிழிலும் ர–ற, ன–ந எனப் பேச்சில் ஒன்றாக ஒலிக்கும் எழுத்துகள் உண்டு. ஆனால் அவற்றை மாற்றி எழுதினால் வாசகர் அதைக் குறும்பு எனக் கொள்ளாமல் பிழை என்றே கருதுவர். அதனால்தான் 2009இல் வெளிவந்த 'பசங்க' போன்ற திரைப்படத் தலைப்புகள் எழுத்தைத் திரிக்காமல் பேச்சு வடிவத்தையே எழுத்தாக்கின. ஓசைக்காக நெடிலை நீட்டி அதன் இனக்குறிலை அடுத்தெழுதும் அளபெடை, கோயம்புத்தூரைக் கோவையாக்கிய மரூஉ, ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறி ஆகியவற்றை இலக்கண நூல்கள் பிழை என ஒதுக்காமல் வழக்காகவே ஏற்றுள்ளன. ஆங்கில எழுத்தைத் திருகுவதில் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியைத் திருப்பூர் உற்பத்தியாளர்கள் இவற்றின் பக்கம் திருப்பி, தமிழ் எழுத்திலேயே தனித்து நிற்கும் பெயர்களைப் படைக்கவேண்டும்.