மேனாட்டுப் பெருநூல் வரிசை: ஓர் ஆராய்ச்சி

ஒரு பொருளுக்கு இலக்கணங் கூறுங்கால் அவ்வியாத்தி, அதிவியாத்தி, அசம்பவம் என்னும் முக்குற்றமும் நேராமற் காத்தல் வேண்டுமென்பது தருக்க நூலார் துணிபு. கற்றார் ஓதற்குரிய பெருநூல்கள் இவையென வரையறுத்து மேனாட்டார் வகுத்த வரிசைகளை இவ்வளவையான் ஆராய்ந்து, அவற்றிற்குப் புறம்பான நூல்களைக் கற்கும் நெறி யாதென்று காண்டலே ஈண்டு எம் கருத்து.

இராபர்ட் ஹட்சின்ஸ், மார்டிமர் ஆட்லர் என்பார் தொகுத்த 'மேனாட்டுலகப் பெருநூல்கள்' 1952ஆம் ஆண்டில் 54 தொகுதிகளாக வெளிவந்தது. ஹோமர் முதல் பிராய்டு ஈறாகப் பலர் அதன்கண் இடம்பெற்றனர். 1990இல் அது 60 தொகுதிகளாக விரிந்தது. அப்பொழுதும் வடமொழி, சீனம், ஜப்பானியம், அரபு, பாரசீகம் என்னும் இவற்றுள் இயன்ற நூல் ஒன்றேனும் அதன்கட் புகவில்லை.

மேனாட்டுலகம் என்று தலைப்பிலேயே வரைந்துகொண்டமையின் அது குற்றமன்று; ஆசிரியர்கள் தம்முள் வினாவியும் விடையிறுத்தும் வழிவழி நிகழ்த்திய நெடிய உரையாடலே வரிசைக்கு அடிப்படை; அவ்வுரையாடலிற் கலவாதார்க்கு ஆண்டு இடமில்லை எனின், அவ்வடிப்படையையே உடன்பட்டு மேற்செல்வாம். கொர்தோவா நகரிற் பிறந்த இப்னு ருஷ்து (1126–1198) அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு அரபு மொழியில் உரைகள் இயற்றினார். அவை இலத்தீனிற் பெயர்க்கப்பட்டு மேனாட்டுக் கழகங்களிற் பயிலப்பட்டன. தாமஸ் அக்குவினாஸ் அவரை 'உரையாசிரியர்' என்னும் சிறப்புப் பெயரானே சுட்டினார்; மாந்தர் அனைவர்க்கும் அறிவு ஒன்றே என்னும் கொள்கையை அவர்பாற் கண்டு, 1270இல் அதனை மறுத்துத் தனிநூலே செய்தார். தாந்தே தம் காப்பியத்துள் முன்னோரான சான்றோர் குழுவில் இப்னு ருஷ்துவை இருத்தினார். இவ்வரிசையில் அக்குவினாஸுக்கு இரண்டு தொகுதிகளும் தாந்தேக்கு ஒரு தொகுதியும் உள. இப்னு ருஷ்துவுக்கோ இல்லை. ஆப்பிரிக்காவிற் பிறந்த அகஸ்தீனுக்கு இடமுண்மையின், பிறந்த நிலம் பற்றி விலக்கினர் எனலும் ஆகாது. உரையாடலே அளவையாயின் அவ்வுரையாடலின் தலைநின்றாரை விடுத்தது அவ்வியாத்தியாமன்றோ? பரபக்கத்தை நீக்கிச் சுபக்கம் ஒன்றனையே ஓதுவார்க்கு மறுப்பின் வலி விளங்காதவாறுபோல, மறுக்கப்பட்டாரை அறியாது அக்குவினாஸை மட்டும் ஓதுவார்க்கு அவர் பெருமையும் முற்ற விளங்காதென்க.

இனி, விடுபட்ட பெயர்களைச் சேர்த்துவிடின் அமையும் என்பாரும் உளர். கல்லூரிகளிற் பயிலும் நார்ட்டன் திரட்டு 1956இல் மேனாட்டு இலக்கியம் ஒன்றையே கொண்டெழுந்து, 1995இல் உலகத்து நூல்களையும் தழுவி விரிந்தது. இது நற்செயலே, ஐயமில்லை. ஆயினும் பிறநாட்டது என்னும் அத்துணையே பற்றி ஒரு நூலைத் தழுவுதல் அதிவியாத்தியாம். சேர்க்கப்படும் நூல் தன்னளவிற் பெரிதாதல் வேண்டும். அதன் பெருமை எதன்கண் உளதென்றும் உணரப்படல் வேண்டும்.

இவ்வுணர்ச்சியின்றேல் நேரும் இழுக்கிற்கு முரசாகி சிகிபு என்னும் ஜப்பானிய மாதரசியார் இயற்றிய 'கெஞ்சி மோனோகதாரி' சான்றாம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகிய இந்நூல் 54 படலங்களும் எண்ணூற்றை அணுகிய சிறு பாட்டுக்களும் உடையது. ஆர்தர் வேலி என்பார் 1925 முதல் 1933 வரை இதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார். அவர் செய்த நன்மை பெரிது. மேனாட்டார் பலர் இந்நூலை அறிந்தது அவராலேயாம். ஆயின் பாட்டுக்கள் பல உரைநடையிற் கரைந்தன. 38ஆம் படலம் விடப்பட்டது. கற்றாரும் இதனை உலகின் முதல் நாவல் என்று புகழ்ந்தனர். ஜப்பானியரோ இதனைப் பாட்டியற்றுவார்க்கு இன்றியமையாத நூலாகப் போற்றினர். 1193இல் நடந்த பாட்டரங்கின் நடுவராயிருந்த புஜிவாரா சுன்செய், கெஞ்சியை ஓதாது பாட்டியற்றுவாரைக் குறித்து வருந்தினார். அன்னதோர் நூலை நாவலிலக்கணம் ஒன்றானே அளத்தல், பொருந்தா இலக்கணத்தை ஏற்றுதலின், அசம்பவத்தோடு ஒக்கும். புகழ்ச்சியும் ஈண்டு மறைப்பாயிற்று.

இம்மயக்கம் பேரறிஞரையும் விட்டதன்று. ஜெர்மானியப் புலவர் கதே 1827இல் சீனக் கதையொன்றைக் கற்று மகிழ்ந்து, உலக இலக்கியத்தின் காலம் அணுகிற்றென்று எக்கர்மனுக்குக் கூறினார். அவ்வுரையிலேயே, முன்மாதிரி வேண்டுவார் பண்டைக் கிரேக்கரிடமே மீளல் வேண்டும் என்றும் மொழிந்தார். வாயிலைத் திறந்தும் துலாக்கோலை மாற்றிலர்.

ஆகலின் நூல்களின் தொகையைப் பெருக்குதல் மட்டும் நோக்கத்தை விரித்தலாகாது. ஒவ்வொரு நூலையும் அது தோன்றிய மரபின் உரையோடும், அம்மரபினர் அதனை ஓதிய முறையோடும் கற்றல் வேண்டும். அங்ஙனம் கற்றபின் ஒப்புமை கூறின் அது பயனுடைத்து. அதன்முன் கூறுவது, தன் முகத்தையே பிறர் கண்ணாடியிற் கண்டு மகிழ்தலாய் முடியும். நடுநிலை பிறழா அறிஞர் இதனை ஓர்ந்து கொள்வாராக.