ஓரணுப் படலத்தை ரசிப்பது எப்படி?

பளை வெளியில் சுழலும் காற்றாலைகளை ரசிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏ-9 வீதியால் போகிறவரின் கண் தானாகவே அங்கே போகும். ஓர் அணுவின் தடிப்பே உள்ள படலத்தை ரசிக்கத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். கிராபீனும் போரன் நைத்திரைட்டும் அப்படிப்பட்ட படலங்கள். இரண்டிலும் அணுக்கள் அறுகோணக் கட்டங்களாக இணைந்திருக்கும். கிராபீனில் எல்லாமே காபன்; மற்றதில் போரனும் நைதரசனும் மாறிமாறி வரும். முன்னது மின்னைக் கடத்தும், பின்னது கடத்தாது.

இலங்கையில் கிராபீன் என்றால் போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம்தான் முதலில் பேச்சுக்கு வரும். காரீயத்தைப் பிரித்துப் பிரித்துக் கிராபீன் எடுப்பது ஒரு வழி. உலோகத்தின் மேல் வாயுவைச் செலுத்தி வளர்ப்பது இன்னொரு வழி. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இதை ரசிக்க ஒரு கேள்வி போதும்: அடியிலுள்ள உலோகம் என்ன செய்கிறது?

வெறுங்கண்ணுக்கு

செப்புத் தகட்டை உலையில் ஏறத்தாழ 1000 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி மெதேன் வாயுவை விடுகிறார்கள். செப்பு உருகுவதற்கு இன்னும் 85 பாகைதான் மிச்சம். மெதேன் சிதைந்து காபன் மேற்பரப்பில் படியும். செப்பு காபனை உள்ளே இழுப்பதில்லை. ஒரு படை மூடியதும் வளர்ச்சி பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். நிக்கல் அப்படியல்ல. சூட்டில் காபனைக் கரைத்து வைத்துக்கொண்டு, ஆறும்போது வெளியே விடும். படலம் ஓரிடத்தில் ஒரு படையாகவும் இன்னோரிடத்தில் பல படையாகவும் அமையும்.

படலம் வளர்ந்த செப்புத் தகட்டைக் காற்றில் 200 பாகை அளவில் சற்று நேரம் சூடாக்கினால், வெறும் செப்பு ஒட்சியேறி நிறம் மாறும். கிராபீன் மூடிய இடம் பளபளப்பாகவே இருக்கும். ஓரணுத் தடிப்பு ஒட்சிசனைத் தடுத்து நிற்பதைக் கண்ணாலேயே காணலாம்.

நுணுக்குக்காட்டியில்

வளர்ச்சியைப் பாதியில் நிறுத்தினால் படலம் தனித்தனித் தீவுகளாக இருக்கும். அவற்றின் விளிம்புகளைக் கவனியுங்கள். கிராபீன் தீவுகள் பலவேளை அறுகோணமாகவும், போரன் நைத்திரைட்டுத் தீவுகள் முக்கோணமாகவும் வரும். பின்னதில் இரண்டு வகை அணுக்கள் இருப்பதால் எல்லா விளிம்பும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, அதனால்தான் முக்கோணம். எதிரெதிர்த் திசை பார்க்கும் இரு முக்கோணங்கள் சந்திக்கும் கோட்டில் அணு ஒழுங்கு குலையும். படலத்தின் பலவீனமும் அங்கேதான்.

அணு அளவில்

ஊசிமுனையை மேற்பரப்பில் தொடாமல் நகர்த்தி எடுக்கும் படங்களில் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது கணினி பூசியது. பொதுவாக வெளிச்சம் மேட்டையும் இருள் பள்ளத்தையும் காட்டும். 2004இல் சூரிச் நகரின் பல்கலைக்கழகத்தினர் ரோடியத்தின் மேல் போரன் நைத்திரைட்டை வளர்த்தபோது 3.2 நனோமீற்றருக்கு ஒரு குழி என்று ஒழுங்கான வலை கிடைத்தது. 12 ரோடியம் இடைவெளிகளின் மேல் 13 போரன் நைத்திரைட்டு அலகுகள் அமர்ந்திருந்தன. பொருந்திய இடத்தில் உலோகம் படலத்தைக் கீழே இழுக்கிறது. பொருந்தாத இடம் மேடாகவே நிற்கிறது.

இதை விளங்கிக்கொள்ள வீட்டிலுள்ள நுளம்புவலை போதும். இரு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்து, மேலுள்ளதை மெல்லத் திருப்புங்கள். எந்த வலையிலும் இல்லாத பெரிய கோலம் தோன்றும். திருப்பத் திருப்பச் சிறுக்கும். போரன் நைத்திரைட்டின் மேல் கிராபீனை வைத்தாலும் இதுவே நடக்கும். இரண்டின் அணு இடைவெளியும் ஏறத்தாழ 1.8 வீதமே வேறுபடுவதால், நேராக அமர்ந்தால் கோலம் 14 நனோமீற்றர் வரை விரியும். கோலத்தின் அளவை வைத்தே எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று கணக்கிடலாம்.

இந்த அடுக்கின் பயனும் பெரிது. போரன் நைத்திரைட்டின் மேல் வைத்த கிராபீனில் இலத்திரன்கள் வழக்கமான சிலிக்கன் ஒட்சைட்டின் மேல் இருப்பதைவிடப் பல மடங்கு தடையின்றி ஓடுவதை 2010இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

பளையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களே, இரண்டு துண்டு நுளம்புவலையுடன் ஒரு பாடவேளையைத் தொடங்குங்கள். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இதே மாவட்டத்தில், அறிவியல் நகரில் இருக்கிறது. அங்கே போகவேண்டிய பிள்ளைகள் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள்.