பிரிவிலும் மகிழ்வு: தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் தேவ அன்பு

கிறிஸ்தவ இறையியலில் மகிழ்ச்சி தனித்து நிற்கும் நற்பண்பு அன்று. அது அன்பின் விளைவு. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனியை விவரிக்கும் பவுல், அன்பை முதலிலும் மகிழ்ச்சியை அதற்கு அடுத்தும் வைக்கிறார். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளரான தாமஸ் அக்குவினாஸ், அன்புக்குரியவர் உடனிருப்பதால் மகிழ்ச்சி பிறக்கிறது என்றும், இறைவனை நேசிப்பவரிடத்தில் இறைவன் ஏற்கெனவே இருக்கிறார் என்றும் விளக்குகிறார். மகிழ்ச்சியை மீண்டும் மீண்டும் வலியுறுத்தும் பிலிப்பியர் நிருபம் சிறையிலிருந்து எழுதப்பட்டது என்பதால், இம்மகிழ்ச்சி துன்பம் நீங்கும்வரை காத்திருப்பதில்லை என்பதும் விளங்கும். தமிழ்க் கவிஞர்கள் இக்கருத்தைப் பாட முற்பட்டபோது, பக்தி இலக்கியமும் சிற்றிலக்கியமும் பண்படுத்தி வைத்திருந்த பிரிவாற்றாமையின் மொழி அவர்களுக்குக் கைகொடுத்தது.

இதற்குச் சிறந்த சான்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’. தலைவன் உலா வருதல், தலைவி அவன்மீது காதல் கொண்டு வாடுதல், குறத்தி வந்து குறி சொல்லுதல், அவளைத் தேடிக் குறவன் வருதல் என்பது குறவஞ்சியின் பொதுவான அமைப்பு. சாஸ்திரியார் இதில் இயேசுவைத் தலைவனாகவும், திருச்சபையைக் குறிக்கும் தேவமோகினியைத் தலைவியாகவும் அமைத்து, குறத்தியை விசுவாசத்தின் உருவகமாக்குகிறார். குறவனின் பறவை வேட்டை, நற்செய்தி என்னும் வலையில் ஆத்துமாக்களைச் சேர்க்கும் பணியாக மாறுகிறது. மரபான குறவஞ்சியில் குறத்தியின் சொல் தலைவிக்கு ஆறுதல். இங்கோ குறி சொல்பவள் விசுவாசமே என்பதால், அச்சொல் வாக்குறுதியின் உறுதியைப் பெறுகிறது. தலைவியின் காதலுக்கு முன்பே தலைவனின் அன்பு தொடங்கிவிட்டது என்னும் கிறிஸ்தவக் கோட்பாடு இவ்வமைப்பின் அடியில் நிற்பதால், அவளுடைய ஏக்கத்தினுள்ளேயே மகிழ்ச்சி இடம்பெற்றுவிடுகிறது. இந்நூலை அக்காலத் தஞ்சையின் பண்பாட்டுச் சூழலில் வைத்து ஆய்வாளர் இந்திரா விஸ்வநாதன் பீட்டர்சன் ஆராய்ந்திருக்கிறார்.

வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையிடம் (1827–1900) அதே மகிழ்ச்சி, காதலாக அன்றி மீட்கப்பட்டவனின் நன்றியாக வெளிப்படுகிறது. 1894இல் வெளிவந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’, ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு ஆங்கில உருவகக் கதையைத் தழுவிக் கம்பனின் காவிய நடையில் அமைந்தது. பனியனின் கதையில், பயணியின் முதுகை அழுத்திய பாவச்சுமை சிலுவையின் முன் தானாகவே கழன்று விழ, அவன் மகிழ்ச்சியில் துள்ளுகிறான். ஆயினும் அவனது பயணத்தின் பெரும்பகுதி அதன் பிறகே வருகிறது; இங்கும் மகிழ்ச்சி பயணத்தின் முடிவுவரை காத்திருப்பதில்லை. கிருஷ்ண பிள்ளை தம் காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே துதிப்பாடல்களை அமைத்திருப்பதால், கதை மாந்தரின் அனுபவம் படிப்பவரின் வழிபாடாகவும் ஆகிவிடுகிறது.

இவ்வழிபாட்டுத் தன்மை முழுமை பெறுவது கீர்த்தனைகளில்தான். செருமானிய மெட்டுகளுக்கேற்ப மொழிபெயர்க்கப்பட்ட ஞானப்பாட்டுகள் தரங்கம்பாடி மிஷன் காலத்திலிருந்தே வழங்கிவந்தாலும், இராகம், தாளம், பல்லவி, சரணம் என்னும் அமைப்பில் சாஸ்திரியார் முதலியோர் இயற்றிய பாடல்களே சபையாரின் நாவில் இயல்பாக அமர்ந்தன; அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் இவ்வகைப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு சரணத்திற்குப் பின்னும் சபை பல்லவிக்குத் திரும்பும்போது, தனியொருவரின் உணர்வு அனைவரின் அறிக்கையாக மாறுகிறது.

பக்தி மரபின் வடிவங்களை ஏற்றதால் கிறிஸ்தவக் கோட்பாடு நீர்த்துப்போயிற்றா என்னும் ஐயத்திற்கு இந்நூல்கள் தரும் விடை தெளிவானது. பிரிவின் மொழியைக் கடன்பெற்ற கவிஞர்கள், அன்பு இறைவனிடமிருந்தே தொடங்குகிறது என்னும் கோட்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் பாடிய மகிழ்ச்சிக்கு அடித்தளம் பக்தரின் உணர்ச்சி மிகுதி அன்று, அவ்வன்பின் உறுதியே.