வட்டிக்கடையும் ஓய்வு நேரமும்

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் நூலாக வெளிவந்தது. அதனைக் காதல் தோல்விக் கதை என்றே பலரும் கூறுவர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. வணிகக் கூட்டமொன்று தன் இளைஞரின் கணக்கேட்டை மட்டுமன்றிக் கடை சாத்திய பிறகுள்ள பொழுதையும் ஆண்ட கதை அது.

பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளை, தம் கடைப் பையன் செல்லையாவுக்கு மகள் மரகதத்தைத் தர மறுக்கிறார். செல்லையா பணத்தைக் கையாடியவனல்லன். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போர் கண்டவன். பட்டாளம் போனவன் லேவாதேவிக்கு ஆகான் என்பது பிள்ளையின் முடிவு. இது கல்நெஞ்சமாகத் தோன்றும். கிட்டங்கி வாழ்வை அறிந்தார்க்கோ இதன் காரணம் விளங்கும்.

நகரத்தாரின் கிட்டங்கி ஒரு நீண்ட கூடம். வரிசையாகக் கைப்பெட்டிகள், பெட்டி ஒன்று கடை ஒன்று. பகலில் கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரிப்பர். முதலாளி செட்டிநாட்டில் இருக்க, ஏஜெண்டும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்றாண்டுத் தவணையில் இங்கே இருப்பர். மனைவி மக்கள் ஊரில். மாலையில் ஒருவன் எங்கே போனான், எப்போது திரும்பினான் என்பது அடுத்த பெட்டிக்காரருக்குத் தெரியாமற் போகாது. 1857இல் பினாங்கிலும் 1859இல் சிங்கப்பூரிலும் எழுந்த தண்டாயுதபாணி கோயில்களே அவர்தம் விழாக்களமும் சபையும். நடப்பு வட்டியைக் கூடித் தீர்மானித்ததும் கோயிலில்தான். ஈடின்றி, பெயரை நம்பிக் கைமாறும் பணம் அது. ஒருவன் பெயர் கெட்டால் பலருடைய பணம் போகும்.

வெனிஸ் நகரத்து யூத வணிகரும் இவ்வாறே அஞ்சினர். அவர்தம் சமூகத் தலைவர்கள் சூதாட்டத்தைத் தடை செய்து, மீறுவோரைச் சமூகத்தினின்று விலக்குவதாக அறிவித்தனர். இதனை எதிர்த்தவர் லியோன் மொதேனா என்னும் யூதகுரு. இளமையிலேயே சூது பற்றி உரையாடல் நூல் எழுதியவர். பின்னர் அச்சூதுக்கே அடிமையானதைத் தம் வரலாற்றில் ஒளிக்காது எழுதியவர். பெரும்பாலோரால் தாங்க இயலாத தடை மீறுவோரையே பெருக்கும் என்பது அவர் வாதம். (தம் பழக்கத்துக்கு அரண் தேடினார் என்று ஏசலாம், வாதம் அதனால் பொய்யாகிவிடாது.)

வெனிஸில் ஆணை எழுத்தில் இருந்தது. ஆகவே எதிர்த்தும் எழுத முடிந்தது. கிட்டங்கியின் ஆணையை எவரும் எழுதவில்லை. சுவரில்லாக் கூடமே ஆணை. பெட்டியடிப் பையன் எதை எதிர்த்து வழக்குரைப்பான்? மேடானில் கடைச் சிப்பந்தியாக இருந்த சிங்காரம் அவ்வழக்கை நாவலாக உரைத்தார். 1972இல் வந்த ‘புயலிலே ஒரு தோணி’யில் கடைக்காரர் கண்ணுக்கு மறைந்த தெருக்களையும் காட்டினார்.

எம் தோட்டப்புற மக்களுக்கு இத்தகைய கூடமும் இல்லை. அவர்தம் மாலைப் பொழுதுக்குக் கள்ளுக்கடை இருந்தது; அது நிர்வாகத்தின் நிழலில் நடந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் அதனை மூடுமாறும் கேட்டனர். தமக்குத் தாமே கட்டுப்பாடு விதிக்க முயன்ற அத்தொழிலாளரைத் துருப்புகளைக் கொண்டு அடக்கினார்கள். பிள்ளையின் கட்டுப்பாட்டை எந்த அரசும் தடுக்கவில்லை.

நாவலில் எமக்குக் குறையாகப் படுவது ஒன்று. செல்லையாவின் மனத்தை அகழ்ந்து காட்டிய ஆசிரியர், அதே கட்டுக்குள் வீட்டோடு அடங்கிய மரகதத்தின் பொழுதை அவ்வளவு நெருங்கிப் பார்க்கவில்லை. கூடத்தின் கண்காணிப்பு அடுக்களை வரை எட்டியதை அவர் எழுதியிருக்கலாம்.